ஸ்டார் வாங்காத முப்பிடாதி

சத்தியமாகச் சொல்கிறேன், நாலு பேர் காதில் விழட்டும் என்று உரக்கவே சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் இன்று சாயங்காலம் நான் தின்னப்போகிற பருப்புவடை ஊசிப்போகட்டும். வடையின்மேல் நான் பொய்ச்சத்தியம் செய்ததில்லை என்பது கள்ளிப்பொத்தை ஊருக்கே தெரியும்.

*

"உலகு, நல்லது செய்யப் போயி ஒரு பிள்ள தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டேன்," என்றார் பிரமநாயகி டீச்சர்.

நிழற்குடை அம்மை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

கள்ளிப்பொத்தைக்கு வெளியே ஒரு பஸ் நிழற்குடை இருக்கிறது. பைபாஸ் வந்ததும் பஸ்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. நிழற்குடை போகவில்லை. அதில் உட்கார்ந்திருந்த உலகம்மாளும் போகவில்லை. பஸ்ஸுக்கு உட்கார்ந்தாளா, பஸ் வராத நிம்மதிக்கு உட்கார்ந்தாளா என்று ஊரில் இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது. எப்படியோ, ஜனங்கள் வந்து மனக்குறையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் தனக்கு விடிவுகாலம் எப்போது வரும் என்று கேட்டார். "இது ஸ்டாப் இல்ல, எதுவும் நிக்காது," என்றாளாம். அவர் அழுதுகொண்டே போய், மறுநாள் சொந்தமாகச் சைக்கிள் கடை வைத்துவிட்டார்.

ஊருக்குத்தான் அவள் அம்மை. பிரமநாயகி டீச்சருக்கு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த உலகு. ஆள் இருந்தால் "அம்மா" என்பார். ஆள் இல்லாவிட்டால் "ஏட்டி."

அன்றைக்கு ஆள் இல்லை.

"கேக்குதியாட்டி?"

"கடலதான் கையில இருக்கு. காது சும்மாத்தான் இருக்கு. சொல்லு."

*

டீச்சர் சொன்னது இது.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு அவர் வகுப்பு. அந்த வகுப்பைக் கடந்துபோகும்போது காக்கைகூடச் சிறகை ஒடுக்கிக்கொண்டு பறக்கும். அடித்துப் பார்த்தார்கள், முட்டி போட வைத்தார்கள், அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அப்பாக்கள் வந்து வாத்தியார்களிடம் சண்டை போட்டதுதான் மிச்சம்.

டீச்சர் பிரம்பைத் தூக்கி அலமாரிக்குப் பின்னால் போட்டார். முதலில் பிள்ளைகளுக்கு நல்லது என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார். தண்ணீர்த் தொட்டியில் எப்படி வரிசையில் நிற்பது. இரவல் வாங்கிய ஸ்கேலை எப்படித் திருப்பிக் கொடுப்பது. தூங்குகிறவனைக் காம்பஸால் குத்தாமல் எப்படி எழுப்புவது. கேட்டால் சிரிப்பீர்கள். அதுவரை அதையெல்லாம் யாருமே அவர்களுக்குச் சொல்லித்தந்ததில்லை.

சொன்னதைச் செய்தவர்களுக்கு ஒரு ஜிகினா ஸ்டார். திங்கட்கிழமை பிரேயரில், மைக்கில், என்ன நல்லது செய்தாய் என்பதைச் சொல்லிச் சட்டையில் குத்துவார்.

வகுப்பு மாறிவிட்டது. காக்கைகள் இறங்கி நடக்க ஆரம்பித்தன.

அதைப் பார்த்த ஹெச்.எம். ஞானசிகாமணி சாருக்குப் பொறுக்கவில்லை. பள்ளி முழுவதற்கும் ஸ்டார் என்று அறிவித்துவிட்டார்.

அங்கேதான் வினை பிடித்தது.

பிள்ளைகள் ஸ்டாருக்காகக் குப்பை பொறுக்கினார்கள். குப்பை தீர்ந்துபோயிற்று. வீட்டிலிருந்து தூக்குவாளியில் குப்பை கொண்டுவந்து, போட்டு, பொறுக்கினார்கள். தெருவில் குப்பைக்குப் பஞ்சம் வந்தது. காணாமல்போன பொருளை ஒப்படைத்தால் ஸ்டார் என்றதால், பொருள்கள் காணாமல்போவதற்கு முன்பே ஒப்படைக்கப்பட்டன. கணக்கு வாத்தியார் சோற்றில் கை வைக்கும் முன் அவர் டிபன் பாக்ஸ் ஆபீஸ் அறைக்குப் போய்விட்டது. விழுந்தவரைத் தூக்கிவிட்டால் ஸ்டார் என்றார்கள். பிள்ளைகள் விழுவதற்கு முறை வைத்துக்கொண்டார்கள். முட்டியில் பஞ்சு ஒட்டாத பிள்ளை அந்தப் பள்ளியில் கிடையாது.

இவ்வளவு நல்ல பள்ளியில் ஒரே ஒருத்தி மட்டும் ஸ்டார் வாங்கவில்லை. முப்பிடாதி. டீச்சரின் வகுப்பு, கடைசி பெஞ்சு.

ஹெச்.எம். மைக்கைப் பிடித்தார். அரையாண்டு லீவுக்குள் ஒரு ஸ்டார்கூட வாங்காதவர்கள் வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிவந்து டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார்.

"தட்டிக்கொடுக்கத்தான் அந்த ஸ்டார கொண்டுவந்தேன், உலகு. அத வச்சே அந்தப் பிள்ளயத் தொரத்தப் போறாரு. ஒன்பதாம் வகுப்பு பாதியில டி.சி. வாங்குனா வேற எந்தப் பள்ளியில சேப்பாங்க? பீடி சுத்தத்தான் உக்கார வைப்பாங்க."

"அவ எப்படிப்பட்டவ?"

டீச்சர் மூச்சு விடாமல் சொன்னார். வகுப்பு நடக்கும்போது ஜாமெட்ரி பாக்ஸைத் தள்ளிவிடுவாள். விசில் அடிப்பாள். கல்வி அதிகாரி வந்திருந்தபோது ஆடு மாதிரி கத்தினாள். ஏன் என்று கேட்டால் பேசாமல் நிற்பாள். வெளியே போ என்றால், காத்துக்கொண்டிருந்தவள் மாதிரிப் போய்விடுவாள்.

"நல்லது?"

"ஒண்ணும் கிடையாது. இருந்தா கொடுத்திருக்க மாட்டேனா? அவளுக்கு எப்படி ஸ்டார் குடுக்க? அத மட்டும் சொல்லு."

அம்மை கடலைத் தொலியை ஊதினாள்.

"கையால குடு," என்றாள்.

*

இதை யார் கேட்டாலும் ஒரே அர்த்தம்தான் தோன்றும். டீச்சருக்கும் அதுவே தோன்றியது. யோசிக்காதே, கொடுத்துவிடு.

திங்கட்கிழமை பிரேயரில் மைக்குக்கு முன்னால் நின்றார். தண்ணீர்த் தொட்டியில் குழாய் திறந்து கிடந்ததாகவும், வழியோடு போன முப்பிடாதி அதை மூடியதாகவும், சொட்டு நீரின் அருமை தெரிந்த பிள்ளை என்றும் அழகாகச் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். குரல் நடுங்கியது. அதை எல்லாரும் உருக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

முப்பிடாதி வந்தாள். ஒல்லி, உயரம், எண்ணெய் காணாத இரட்டைச் சடை. குனிந்து மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"அது நான் இல்ல டீச்சர். தொறந்துவிட்டதுதான் நான்."

பள்ளிக்கூடம் சிரித்த சிரிப்பில் கூரை ஓட்டில் இருந்த அணில்கள் கீழே விழுந்தன. உடனே நாலு பேர் ஓடிப்போய் அணில்களைத் தூக்கிவிட்டு, ஸ்டாருக்குக் கை நீட்டினார்கள்.

ஹெச்.எம். சிரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை இதே பிரேயரில் டி.சி. கொடுக்கப்படும் என்றார். அரையாண்டு லீவு வரைக்கும்கூட இல்லை.

*

"நீ சொன்னதத்தான் செஞ்சேன். இப்ப நாளும் கொறஞ்சிட்டு," என்றார் டீச்சர். கோபத்தில் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

"நான் என்ன சொன்னேன்?"

"கையால குடுன்னு சொன்ன."

"நீ மைக்கால குடுத்திருக்க."

டீச்சருக்கு அழுகை வந்தது. இவளிடம் எதற்கு வந்தோம், கணக்கில் எப்போதும் தன்னைவிடக் குறைவாக மார்க் வாங்கினவள்தானே என்றுகூட நினைத்தார்.

"சரி, உக்காரு," என்றாள் அம்மை. "எனக்கு ஒரு உதவி செய்யி. பஸ் வருதான்னு பாரு. வந்தா சொல்லு."

"இந்த ரோட்டுல ஏதுட்டி பஸ்?"

"பாக்கத்தான சொன்னேன்? ஏறவா சொன்னேன்?"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டீச்சர் உட்கார்ந்தார். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை அவருக்கு. ரோடு வளைகிற இடத்தில் கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை. வெயில் சாய்ந்து, நிழல் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனது.

"வந்துச்சா?"

"வரல."

"வேற என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல."

"நல்லா நெனச்சுப் பாரு."

"ஒரு ஈ காக்கா வரல. நான் இமைய மூடல உலகு."

அம்மை ரொம்ப நேரம் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலால் கீழே காட்டினாள்.

டீச்சர் குனிந்து பார்த்தார். செருப்பில் சேறு. சேலைக் கரையில் சேறு. பாதத்தின்மேல் குட்டிக் குட்டியாய், சவ்வு விரித்த கால்தடங்கள். மடியில் ஒரு வெள்ளை இறகு.

வயலில் மேய்ந்துவிட்டு ஒரு வாத்துக் கூட்டம் அந்த வழியாகப் போயிருந்தது. ரோடு கொள்ளாத கூட்டம். அதில் பாதி, டீச்சரின் காலில் ஏறி இறங்கிப் போயிருந்தது. வாத்துக்காரர் "வணக்கம் டீச்சர்" என்றுகூடச் சொன்னாராம். அவர் பழைய மாணவர்.

டீச்சர் இறகைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ பஸ்ஸத்தான பாத்த," என்றாள் அம்மை. அத்தோடு துண்டை விரித்துப் படுத்துவிட்டாள்.

*

மறுநாள் தமிழ்ப் பாடம். பிள்ளைகள் ஒவ்வொருவராய் எழுந்து உரைநடையை வாய்விட்டு வாசிக்கவேண்டும்.

யாராவது வாசிக்கும்போது டீச்சரின் கண் புத்தகத்தில் இருக்கும். ஒரு எழுத்து தவறினாலும் பிடித்துவிடுவார். அந்த விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். அன்றைக்குப் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார். வெறுமனே பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். என்னத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை. தெரியாமலே பார்த்தார்.

வரிசை மரகதத்திடம் வந்தது. மரகதம் அமைதியான பெண். அவளுக்கு எல்லாருக்கும் முன்பே ஸ்டார் கிடைத்திருந்தது. எதற்கென்றால், பேசாமல் இருந்ததற்கு.

மரகதம் எழுந்தாள். புத்தகத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. உதடு குவிந்தது. முதல் எழுத்து உதட்டுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது. வெளியே வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைசி பெஞ்சில் ஒரு முழங்கை மெல்ல நகர்ந்தது.

ஜாமெட்ரி பாக்ஸ் தரையில் விழுந்து, காம்பஸும் டிவைடரும் நாலு திசைக்கும் ஓடின. எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது.

"முப்பிடாதி, எந்திரிச்சு வெளிய போ" என்பது டீச்சரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் பார்த்தார். மரகதம் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டிருந்தாள். அவளுக்கு அடுத்தவள், எப்போதும்போல, எழுந்து வாசிக்கத் தயாராக இருந்தாள்.

எப்போதும்போல.

விசில் அடித்தது, செய்யுள் ஒப்பிக்க மரகதத்தின் முறை வந்த அன்று. ஆடு கத்தியது, கல்வி அதிகாரி "நீ சொல்லும்மா" என்று விரல் நீட்டிய அன்று. அந்த விரல் மரகதத்தை நோக்கித்தான் நீண்டிருந்தது.

டீச்சர் அடுத்தவளுக்குக் கையைக் காட்டினார். "அடுத்து," என்றார்.

பெயர் கூப்பிடாமலே வாசல்வரை போய்விட்ட முப்பிடாதி, திகைத்துத் திரும்பினாள். தன்னை யாரும் விரட்டவில்லை என்பது அவளுக்குப் புது அனுபவம்.

*

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவளைத் தனியாகப் பிடித்தார்.

"பாத்தேன்," என்றார்.

"எத டீச்சர்?"

"உன் முழங்கைய. அதுக்கு முன்ன மரகதத்த."

முப்பிடாதி ஒரு சைக்கிளின் பெல்லைத் திருகிக்கொண்டே நின்றாள். காது மடல் சிவந்தது. ஒரு நல்ல சொல்லை நேருக்கு நேர் எப்படி வாங்குவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

"திங்கக்கெழம இத மைக்குல சொல்லப்போறேன். யாரும் உன்ன இங்கேருந்து அனுப்ப முடியாது."

பெல்லிலிருந்து கையை எடுத்தாள்.

"சொன்னீங்கன்னா நானே டி.சி.ய வாங்கிட்டுப் போயிருவேன். இவ்வளவு நாளும் யாருக்கும் தெரியாமத்தான இருந்துச்சு? அவ பேரு மைக்குல வரக் கூடாது டீச்சர்."

டீச்சர் அவள் தோளில் கை வைத்தார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

சாயங்காலம் நிழற்குடைக்குப் போனார். சொன்னால் அந்தப் பிள்ளைக்கு அவமானம், சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு டி.சி., என்ன செய்ய என்று கேட்கப் போனார். அம்மை குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். நடிப்புக் குறட்டை. மூன்று தெரு தள்ளிக் கேட்கும்படி யாரும் நிஜமாகக் குறட்டை விடுவதில்லை. டீச்சர் எழுப்பவில்லை. திரும்பிவிட்டார்.

*

திங்கட்கிழமை.

ஹெச்.எம். கையில் டி.சி. இருந்தது. மேசைமேல் ஸ்டார் தட்டு இருந்தது. தாழ்வாரத் தூணை ஒட்டி, மணிக்காகத் தொங்குகிற தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில், முப்பிடாதி நின்றாள். அவள் அம்மா பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்த கையோடு ஓரமாக நின்றாள்.

விதிப்படி ஹெச்.எம். கேட்டார். இந்த மாணவி செய்த ஒரு நல்ல காரியத்தை யாராவது கண்டிருந்தால் சொல்லலாம்.

பிரமநாயகி டீச்சர் முன்னால் வந்தார்.

"நான் கண்டிருக்கேன் சார்."

"சொல்லுங்க."

"சொல்ல முடியாது."

"ஏன்?"

"சொன்னா அந்த நல்லது கெட்டுப்போகும் சார்."

ஹெச்.எம். நல்ல மனிதர்தான். ஆனால் யாரையும் ஒரு வாக்கியத்தை முடிக்கவிட்டவர் இல்லை. பெண்டாட்டி, கல்வி அதிகாரி, சர்ச் உபதேசியார், எல்லார் வாக்கியத்தையும் அவரே முடித்துவைப்பார். "சொல்ல முடியாத நல்லத எந்த ரூல்ல சேக்க?" என்று கேட்டுவிட்டு, பேனா மூடியைத் திறந்தார்.

ஒன்பதாம் வகுப்பு பி வரிசை கலைந்தது.

மரகதம் வெளியே வந்தாள். மைதானம் முழுக்கப் பார்க்க, நேராக மைக்குக்கு நடந்தாள்.

வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வந்து நின்றுகொண்டது.

மைதானம் அசையவில்லை. மைக்கில் மூச்சுமட்டும் கேட்டது. மறுபடி முயன்றாள். எழுத்தின் முனை வந்தது. உடைந்தது. மறுபடி அதே முனை.

தூணுக்குப் பக்கத்தில் ஒரு கை தண்டவாளத்தை அடிக்கும் இரும்புக்கம்பியை நோக்கி நீண்டது. டீச்சர் அதற்குள் அங்கே வந்திருந்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க டீச்சர். சிக்கிக்கிட்டா."

"இல்ல. வந்துக்கிட்டிருக்கா."

"எல்லாரும் பாக்காங்க டீச்சர்."

"அவ அது தெரிஞ்சுதான வந்திருக்கா. பொறு."

ஹெச்.எம்.முக்கு அந்த வாக்கியத்தின் வால் தெரிந்துவிட்டது. முடித்துவைக்க வாயைத் திறந்தார். மரகதம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. அந்த ஊர் சரித்திரத்தில் அது முதல் தடவை.

சொல் ஒவ்வொன்றாய் வந்தது. சில சொற்கள் பாதி வழியில் திரும்பிப் போய், மறுபடி கிளம்பி வந்தன. முப்பிடாதி பாக்ஸைத் தள்ளியது, விசில் அடித்தது, ஆடு கத்தியது எல்லாம் தனக்காகத்தான் என்றாள். தனக்கு அது எப்போதும் தெரியும் என்றாள். வாயைத் திறக்கப் பயந்து, பேசாமல் அவளை வெளியே நிற்கவிட்டேன் என்றாள்.

கடைசியில், கொஞ்சமும் தடுக்காமல், "இனி நானே வாசிக்கேன் முப்பி," என்றாள்.

டீச்சரின் பிடிக்குள் அந்தக் கை தளர்ந்தது. முப்பிடாதி அழுதாள். அவள் அம்மா ஓடிவந்து, எதற்கு என்று தெரியாமலே, மரகதத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஹெச்.எம். டி.சி.யைக் கீழே வைத்தார். மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஆடு ஒன்று அதை மென்று விழுங்கியது. நிஜமாகவே ஆடுதான். இன்னொன்று எழுதிக்கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை.

ஸ்டார் தட்டு மேசைமேலேயே கிடந்தது. அது அங்கே இருப்பது யாருக்கும் நினைவில்லை.

*

சாயங்காலம் நிழற்குடையில் டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். அம்மை கடலை உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பிள்ள பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆச்சுட்டி?"

டீச்சர் யோசித்தார்.

"தெரியல. இன்னைக்கு ஃபர்ஸ்ட் பீரியடுக்கு யாருமே மணி அடிக்கல."

*

இவ்வளவுதான் நடந்தது. கேட்டதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்பதை மட்டும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்குள் ஆட்டை ஓட்டிவிட்டது யார் என்று ஹெச்.எம். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.